ஆடு கொடுத்த அரசு சந்தையைக் கொடுக்கவில்லை

பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரம் நெல்லைப் பதிப்புகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். மேலப்பாளையம் சந்தையில் ஆட்டு வியாபாரம் களைகட்டியது, இத்தனை கோடிக்கு விற்பனை நடந்தது என்று படத்தோடு போடுவார்கள். எட்டயபுரம் சந்தைக்கும் அதே செய்திதான். தொகை மட்டும் மாறும். அந்தக் கோடியில் ஆட்டை வளர்த்தவர் மடியில் விழுந்தது எவ்வளவு, நடுவில் நின்றவர் பையில் தங்கியது எவ்வளவு என்று மட்டும் அந்தச் செய்தியில் ஒரு வரி இருக்காது. அந்த விடுபட்ட வரியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

தாமிரபரணி பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. எட்டு அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், காரும் பிசானமுமாக இரண்டு போகம். வெளியூர்க்காரர்களுக்கு நெல்லை என்றாலே இந்தப் பச்சைதான் நினைவுக்கு வரும். அந்த நஞ்சையில் நம் மக்கள் நட்டார்கள், களை எடுத்தார்கள், அறுத்தார்கள். பட்டா பெரும்பாலும் கோயில் பேரிலும் மடத்தின் பேரிலும் ஆதிக்க சாதியார் பேரிலும் இருந்தது. கால்வாய் எட்டாத ஊர்களின் கதை வேறு. மானூர்ப் பக்கமும் ராதாபுரம், நாங்குநேரியின் பல பகுதிகளும், வடக்கே சங்கரன்கோவில், குருவிகுளம் வரையிலும் வானத்தைப் பார்த்த பூமி. ஒரு மழை தவறினால் உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த ஊர்களில் தலித் குடும்பத்துக்கு வங்கி என்பது வாசலில் கட்டியிருக்கும் ஆடுதான்.

வள்ளுவர் 'மாடு' என்ற சொல்லையே செல்வம் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். நிலம் மறுக்கப்பட்டவனுக்கு அது வெறும் சொற்பொருள் இல்லை. நிலம் வேண்டுமானால் பட்டா வேண்டும், கடன் வேண்டுமானால் ஜாமீன் வேண்டும். ஆட்டுக்கு இரண்டும் வேண்டாம். நம் மண்ணின் கன்னி ஆடு இந்த வறட்சிக்கென்றே அமைந்த இனம். கருத்த உடம்பில் முகத்திலும் காதிலும் காலிலும் வெள்ளைக் கோடு இருந்தால் பால்கன்னி; அந்தக் கோடே செம்பழுப்பாக இருந்தால் செங்கன்னி. உடைமரக் காயையும் வேலிக் கொழுந்தையும் தின்றுவிட்டு இரட்டைக் குட்டி போடும். வளர்ப்பதில் நம் பெண்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர்கள் தோற்பது விற்கிற இடத்தில்.

வாசலில் வந்து நிற்கும் விலை

நம் தெருக்களில் ஆடு எப்போது விற்கப்படுகிறது? ஆடு விலைக்கு வரும்போது இல்லை, வீட்டில் பணம் முடையாகும்போது. பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம், ஆஸ்பத்திரிச் செலவு, சீர், சாவு. வியாபாரி மோட்டார் சைக்கிளில் வருவார். ஆட்டின் இடுப்பைப் பிடித்துப் பார்ப்பார், கீழ்த்தாடையைத் திறந்து பல்லைப் பார்ப்பார், ஒரு தொகையைச் சொல்வார். அந்த ஆட்டை அவர் நூறு ஆட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர். விற்கிற அம்மாவுக்கு அந்த ஆடு ஒன்றுதான். பல ஊர்களில் ஆறு மாதத்துக்கு முன் கைமாற்று கொடுத்தவரும் அவராகவே இருப்பார். வேறு ஆளுக்கு விற்க வாய் வராது.

இதில் சாதி எங்கே வருகிறது என்று சில நண்பர்கள் கேட்பார்கள். வாங்க வருகிறவர் ஊர்க்காரர், ஆதிக்க சாதிக்காரர் என்றால் பேரம் பேசுவதே எதிர்த்துப் பேசுவதாகிவிடும். ஐம்பது வயது அம்மாவை இருபது வயதுப் பையன் 'ஏட்டி' என்று கூப்பிட்டு, "இதுக்கு மேல பெறாது, வேணும்னா வச்சுக்கோ" என்பான். நாளைக்கு அவர்கள் வயலோரமாகத்தான் ஆட்டை ஓட்டிப் போக வேண்டும். அவர்கள் பம்புசெட்டுத் தொட்டியில்தான் ஆடு தண்ணீர் குடிக்க வேண்டும். இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த அம்மா கயிற்றைக் கையில் கொடுக்கிறாள். சந்தையைப் பற்றி எழுதுகிற பொருளாதாரப் புத்தகங்களில் வாங்குபவரும் விற்பவரும் சமமாக நின்று பேசுவார்கள். நம் தெரு வாசலில் அப்படி இல்லை.

வாரத்துக்கு வளர்க்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். பெட்டை ஆடு ஒருவருடையது, மேய்ச்சலும் காவலும் நம்முடையது, குட்டியில் பாதி. எந்தக் குட்டி யாருக்கு, எப்போது விற்பது, யாருக்கு விற்பது என்பதெல்லாம் ஆட்டுக்காரர் சொல்வதுதான். உழைப்பு பாதிப் பங்கு பெறுகிறது. விலை பேசும் உரிமையில் பங்கே கிடையாது.

கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றிச் செய்த ஆய்வு 2006-ல் புத்தகமாக வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கிராமங்களில் தலித்துகள் உள்ளூர்ச் சந்தையில் பொருள் விற்கத் தடை இருந்தது. ஏறத்தாழப் பாதிக் கிராமங்களில் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்ற முடியவில்லை. தெரிந்த ஊரில் விற்க முடியாதவன், தன்னை யாருக்கும் தெரியாத தூரத்துச் சந்தைக்குத்தான் போயாக வேண்டும்.

துண்டுக்குள் நடக்கும் பேச்சு

அப்படித் தூரத்துச் சந்தையாக நமக்கு வாய்த்தது மேலப்பாளையம். மாநகராட்சிக்குச் சொந்தமான சந்தை. செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை. கிழக்கே எட்டயபுரத்தில் சனிக்கிழமை. உள்ளூர்க் கறிக்கடைக்காரர்கள், கேரள வியாபாரிகள், கொடைக்குக் கிடா தேடி வருகிறவர்கள் என்று பல கை வாங்க வரும். நீ எந்த ஊர், எந்தத் தெரு என்று விசாரிக்க அங்கே யாருக்கும் பொழுதில்லை. ஆட்டைத்தான் பார்ப்பார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மேலப்பாளையம் போன்ற சந்தைகளை நாம் காப்பாற்ற வேண்டும் என்பேன்.

ஆனாலும் அந்த வாசலில் வேறொரு பூட்டு தொங்குகிறது. விலையை வாய்விட்டுப் பேசுவதில்லை. ஒரு துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்கிறார்கள். எத்தனை விரல், எப்படி அழுத்தினார் என்பதில் ஆயிரமும் நூறும் அடங்கியிருக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது. தரகருக்குத் தரகர் பேசி முடித்துவிடுவார்கள். ஆட்டின் சொந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் கூப்பிடப்படுவார். வாங்குகிறவர் கொடுத்ததும், விற்றவர் பெற்றதும் ஒரே தொகைதானா என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை.

ஆடு வளர்ப்பது பெரும்பாலும் பெண்கள். அந்நிய ஆணின் துண்டுக்குள் கையை விட்டு விலை பேச எந்தப் பெண்ணால் முடியும்? ஆகவே வளர்த்தவள் வீட்டில் இருக்கிறாள். புருஷனோ மகனோ அண்ணன் மகனோ கொண்டுபோகிறார். விடியற்காலையில் தொடங்கும் சந்தை வெயில் ஏறுமுன் ஓய்ந்துவிடும். ஒற்றை ஆட்டோடு தாமதமாக வந்து சேர்கிறவருக்குத் திரும்பக் கொண்டுபோக ஆட்டோ வாடகை மிச்சமில்லை. கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான்.

தையல்காரர் நாடாவே போதும்

துண்டை விலக்குவது எளிது. அதற்கு வேண்டியது தராசு. 20 கிலோ உயிர் எடையுள்ள கிடாவை வெட்டினால் 9 முதல் 10 கிலோ கறி தேறும். கறி கிலோ 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9 கிலோவுக்கு 7,200 ரூபாய். தலை, கால், ஈரல், குடல் தனி. கடைக்காரரின் செலவும் லாபமும் போக, உயிர் எடை கிலோ 300 ரூபாய் வீதம் 6,000 ரூபாய் கொடுத்தாலும் அவருக்கு நட்டமில்லை. இது கணக்குக்காகச் சொல்வது. கறி விலை ஏறி இறங்கும்போது இதையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். இதே கிடாவைக் கண்ணளவில் 17 கிலோ என்று மதித்துவிட்டால் ஒரே பார்வையில் 900 ரூபாய் போய்விட்டது. வருஷத்துக்கு நாலு குட்டி விற்கிற வீட்டில் இது 3,600 ரூபாய்.

தராசு வரும்வரை தையல்காரர் வைத்திருக்கும் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளக்க வேண்டும். தோள்முனையிலிருந்து வால் அடியில் துருத்தும் எலும்பு வரை நீளத்தை அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் வரும். சுற்றளவு 25 அங்குலம், நீளம் 22 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட 21 கிலோ. ஒரு கிலோ, இரண்டு கிலோ முன்பின் இருக்கலாம். வியாபாரியின் கண்ணை நம்புவதைவிட இது மேல். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை போட்டுச் சொல்லிவிடும் கணக்கு இது. எடை தெரிந்து நிற்கிற அம்மாவிடம் பேரம் வேறு மாதிரி நடக்கும்.

நாள் பார்த்து விற்பது

நெல்லைச் சீமையில் கிடாவுக்கென்று ஒரு காலண்டர் இருக்கிறது. பங்குனி உத்திரத்தில் சாஸ்தா கோயில்கள், சித்திரையிலும் ஆடியிலும் சுடலைமாடன், அம்மன் கொடைகள். நேர்ச்சைக் கிடாவுக்கு நிறமும் உருவமும் பார்ப்பார்கள், எடை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். பக்ரீத்துக்கு ஆடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கண், காது, கொம்பு, கால் எதிலும் குறை இருக்கக் கூடாது. ஆகவே அடையாளத்துக்காகக் காதை வெட்டுகிற பழக்கம் உள்ளவர்கள் பக்ரீத் கிடாக்களையாவது விட்டுவிட வேண்டும். பக்ரீத் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னால் வரும். 2024-ல் ஜூன் 17, 2025-ல் ஜூன் 7. ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஒரு வயதுக் கிடா பக்ரீத்துக்கு வேண்டும் என்றால் பதினேழு மாதத்துக்கு முன்பே கிடா சேர்த்திருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேர்மாறாக நடக்கும். நீலநாக்கு, ஆட்டுக்கொல்லி என்று நோய் வந்ததும் பக்கத்து வீட்டு ஆடு செத்ததைப் பார்த்து அவசர அவசரமாக விற்பார்கள். வியாபாரிகள் காத்திருந்து அள்ளுவார்கள். தடுப்பூசியை மழைக்கு முன் போடுவது ஆட்டின் உயிரைக் காப்பதோடு விலையையும் காக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையில் ஆற்றங்கரை ஊர்களில் ஆடு, மாடுகள் கட்டிய இடத்திலேயே மாண்டன. அரசு நிவாரணம் பசு மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று உயர்த்தி அறிவிக்கப்பட்டது. மேலே போட்ட கணக்கின்படி 20 கிலோ ஆட்டுக்கே அது மூன்றில் இரண்டு பங்கு. ஆட்டை எடை போட்டு மதிக்கும் வழக்கமே இல்லாத இடத்தில் செத்த ஆட்டுக்கும் ஒரு குத்துமதிப்புதான்.

பாலும் கடைசி விலையும்

மாட்டுக்கு வருவோம். பால் மாடு வைத்திருப்பவருக்கு ஆவின் சங்கம் இருந்தால் ஒரு நிச்சயம் உண்டு. பாலின் கொழுப்புச் சத்தையும் இதர சத்தையும் அளந்து விலை போடுகிறார்கள். 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் கூட்டியதில் பசும்பால் 38 ரூபாய், எருமைப்பால் 47 ரூபாய் ஆனது. அளந்து கொடுக்கும் விலையில் சாதி நுழைய இடம் குறைவு. சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ப்பதிலும், சேரிப் பால் என்று முணுமுணுப்பதிலும்தான் அது நுழைகிறது. ஊரில் சங்கம் இருந்தும் தனியார் பால்காரரிடம் ஊற்றுகிற தலித் குடும்பங்கள் ஏன் அப்படிச் செய்கின்றன என்று கூட்டுறவுத் துறை ஒருமுறையாவது ஊர் ஊராகக் கேட்க வேண்டும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின்படி, மற்றவர்களுக்கு உரிமையுள்ள ஒரு தொழிலையோ வியாபாரத்தையோ பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் செய்யவிடாமல் தடுப்பது குற்றம். பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். சாதி சொல்லிப் பாலைத் திருப்பி அனுப்புவது இதற்குள் வரும். அடிதடியில் மட்டுமே இந்தச் சட்டம் நினைவுக்கு வருவதால் பால் கேனுக்கும் அது பொருந்தும் என்பது நமக்கே தெரியாமல் இருக்கிறது.

கறவை வற்றிய பசு, உழவுக்கு ஆகாத காளை: இவற்றின் கடைசி விலைதான் அடுத்த கன்றை வாங்கும் முதல். 2017 மே 23-ம் தேதி ஒன்றிய அரசு ஒரு விதியைக் கொண்டுவந்து, சந்தையில் மாடுகளை வெட்டுக்கு விற்கக் கூடாது என்றது. மாடு என்பதில் எருமையும் கன்றும் ஒட்டகமும் அடக்கம். ஐந்து பிரதிகளில் ரசீது, வாங்கியவர் ஆறு மாதம் மறுபடி விற்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள். ஒரே வாரத்தில், மே 30 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. அந்தத் தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. மாட்டிறைச்சி சாப்பிடும் உரிமை பற்றி அப்போது நிறையப் பேசினோம். கிழட்டு மாட்டை விற்றுக் கன்று வாங்கும் ஏழையின் முதல் பற்றிக் குறைவாகவே பேசினோம். வெட்டுக்கு வாங்க ஆளில்லாவிட்டால் அந்த மாடு சுமையாகிவிடும். சுமையைத் தாங்க முடியாத வீடு மாடு வளர்ப்பதையே விட்டுவிடும்.

நாலு ஆட்டுக்கு ஒரு திட்டம், நூறு ஆட்டுக்கு ஒரு திட்டம்

2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா ஆடு வழங்கும் திட்டத்தில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா நாலு ஆடு என்று இலக்கு வைத்தார்கள். நல்ல திட்டம். பயனாளிகளில் நம் பெண்களும் ஏராளம். ஆட்டை வாங்கிக் கொடுக்க அதிகாரியும் சந்தைக்கு வந்தார், காப்பீடும் செய்தார்கள். குட்டி பெருகி விற்கும் நாளில் அந்த அம்மா தனியாக நின்றாள்.

இன்னொரு பக்கம், தேசிய கால்நடை இயக்கத்தின் தொழில்முனைவோர் திட்டம். 2021 முதல் 50 சதவீத மானியம். அதில் மிகச் சிறிய அலகே 100 பெட்டை, 5 கிடா. மானியம் 10 லட்சம் ரூபாய் வரை. மீதிப் பாதியைப் போட முதலும், கொட்டகைக்கும் தீவனத்துக்கும் நிலமும் வேண்டும். நாலு ஆட்டுக்காரி நூறு ஆட்டுக்காரி ஆவதற்கு நடுவில் படிக்கட்டே இல்லை. தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. அதிலும் ஆடு வாங்கலாம். ஆட்டை விற்றுத் தருவார் யார் என்ற கேள்வி அங்கேயும் அப்படியே நிற்கிறது.

நெல்லுக்கு ஆதரவு விலையும் நேரடிக் கொள்முதல் நிலையமும் உண்டு. காய்கறிக்கு 1999 முதல் உழவர் சந்தை உண்டு. அங்கே தராசு உண்டு, அன்றைய விலை எழுதிய பலகை உண்டு. மேலை நாடுகளில் மலைப்பாங்கான, விளைச்சல் குறைந்த பகுதிகளைத் தனியே பட்டியலிட்டு, அங்கே கால்நடை வளர்ப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று ஈட்டுத்தொகை கொடுக்க 1975-லேயே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் முடிவு செய்தது. நாம் அவ்வளவுகூடக் கேட்கவில்லை. நஞ்சைக்காரரின் நெல்லுக்கும் காய்க்கும் உள்ள தராசும் பலகையும் புஞ்சைக்காட்டு ஆட்டுக்கும் வேண்டும் என்கிறோம்.

கேட்க வேண்டியவை

ஒன்று: மேலப்பாளையம் சந்தையில் மாநகராட்சி மின்னணு எடைமேடை அமைக்க வேண்டும். எடை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். விற்பவர் கேட்டால் எடைச் சீட்டு கிடைக்க வேண்டும். உயிர் எடை விலையையும் நுழைவுக் கட்டணத்தையும் வாசலில் எழுதிப் போட வேண்டும். பெண்கள் நின்று விற்கத் தனி இடமும், கழிப்பறையும், நிழலும் வேண்டும்.

இரண்டு: மகளிர் குழுக்கள் ஆட்டைக் கூட்டாகக் கொண்டுபோக வேண்டும். ஒற்றை ஆட்டுக்கு ஆட்டோ பிடிப்பதைவிட, தெருவே சேர்ந்து ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றினால் ஆளுக்கு வாடகை கொஞ்சம்தான் விழும். இருபது ஆட்டோடு வருகிற பெண்களிடம் தரகரும் மரியாதையாகப் பேசுவார்.

மூன்று: அவசரத்துக்கு ஆட்டை விற்காமல் இருக்க, ஆட்டின் மதிப்பில் பாதியைக் குழு கடனாகக் கொடுக்கலாம். கொடை வரையோ பக்ரீத் வரையோ ஆட்டை நிறுத்தி வைத்தால் கடனும் அடையும், மிச்சமும் வரும். தாட்கோ இதற்குச் சுழல்நிதி தரட்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று 2024-ல் தமிழ்நாடு தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. அந்த நிதி தராசுக்கும் வண்டிக்கும் வரவேண்டும்.

நான்கு: நல்ல கன்னிப் பெட்டைகளையும் பொலிகிடாக்களையும் கறி விலைக்கு விடக் கூடாது. ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இனத் தூய்மைக்குச் சான்று கொடுத்து, வளர்ப்புக்கு வாங்குகிறவர்களையும் நம் தெருக்களையும் அது இணைத்து வைக்கலாம்.

ஐந்து: பால் சங்கங்களில் தலித் உறுப்பினர் எத்தனை பேர், பால் ஊற்றுகிறவர் எத்தனை பேர் என்று சங்கவாரியாகப் பட்டியல் வெளியிட வேண்டும்.

இவை பெரிய செலவு பிடிக்கும் கோரிக்கைகள் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போகும் நம் பெண்கள் இலவச ஆட்டுக்குப் பெயர் கொடுப்பதோடு திரும்பிவிடாமல், ஊராட்சிக்கு ஒரு ஆட்டுத் தராசு வேண்டும் என்று தீர்மானம் எழுதக் கேளுங்கள். எழுத மறுத்தால் யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்று எங்களுக்கு எழுதுங்கள். அதையும் இந்தப் பகுதியில் போடுவோம்.